வில்லை மறிக்கும் ஒளி: பூனையின் கண்ணும் மனிதக் கண்ணும்

ஊதா நிறத்துக்கு அப்பால், 400 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளி புற ஊதா எனப்படும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. புற ஊதாவின் வலிமையை எண்ணாகச் சொல்லும் புற ஊதாச் சுட்டெண்ணை 1992இல் வகுத்தவர்கள், ரொறன்ரோவில் பணியாற்றிய கனடியச் சுற்றுச்சூழல் துறையின் அறிவியலாளர்களே. இன்று அந்நகரின் அஜின்கோர்ட் பகுதிவாசிகள் வானிலை அறிக்கையில் அவ்வெண்ணைக் கேட்டு அறிகின்றனரே தவிர, அக்கதிர்களைக் கண்ணால் காண்பதில்லை; அவர்கள் வளர்க்கும் பூனைகளின் கண்ணுக்குள்ளோ அவற்றில் கணிசமான பங்கு நுழைந்துவிடுகிறது.

இதனைத் தெளிவாக அளந்தவர்கள் லண்டன் ஆய்வாளர்களான ரொனால்ட் டக்ளஸும் கிளென் ஜெஃப்ரியும் ஆவர். 38 பாலூட்டி இனங்களின் கண்களை ஆராய்ந்து 2014இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 315 முதல் 400 நானோமீட்டர் வரையான கதிர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைப் பூனையின் விழிவில்லை உள்ளே விடுகிறது. நாயின் வில்லையும் ஏறக்குறைய அவ்வளவே விடுகிறது. வளர்ந்த மனிதரின் வில்லையோ அவற்றை அநேகமாக முழுவதும் உறிஞ்சிவிடுகிறது.

எனவே வேறுபாட்டின் வேர் வில்லையில் உள்ளது. மனித விழித்திரை, அதாவது கண்ணின் பின்புறத்தில் ஒளியை உணரும் படலம், புற ஊதாவுக்கு ஓரளவு இசையக்கூடியதே. செயற்கை வில்லை பரவுவதற்கு முன்னர், கண்புரைக்காக வில்லை அகற்றப்பட்டுத் தடித்த மூக்குக் கண்ணாடியோடு வாழ்ந்த முதியோர் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளம். அவ்வாறு வில்லை இழந்தவர்கள் புற ஊதா ஒளியை வெண்மை கலந்த நீலமாகக் காண முடியும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. இன்று பொருத்தப்படும் செயற்கை வில்லைகளில் பெரும்பாலானவை அக்கதிர்களைத் தடுக்கும் பொருள் சேர்த்தே செய்யப்படுகின்றன.

குறுகிய அலைநீளமுள்ள ஒளி கண்ணுக்குள் அதிகமாகச் சிதறி உருவத்தை மங்கச் செய்வதால், பகலில் நுணுக்கமாகப் பார்த்து வாழும் மனிதருக்கு அதை வடிகட்டுவது நன்மை. நெடுங்காலம் வாழும் விழித்திரைக்கும் அது காப்பு. வைகறையிலும் அந்தியிலும் வேட்டையாடும் பூனைக்கோ கூர்மையைவிடக் கிடைக்கும் ஒளி அனைத்தும் முக்கியம். அதன் விழித்திரைக்குப் பின்னாலுள்ள பளபளக்கும் படலம், உறிஞ்சப்படாது கடந்த ஒளியையும் திருப்பி அனுப்பி மறுவாய்ப்பு அளிக்கிறது.

புற ஊதா கண்ணுக்குள் நுழைவதைக் கொண்டு பூனைக்கு மாயப்பார்வை உண்டென்று எழுதுவது அறிவியலுக்குச் செய்யும் அநீதி. புற ஊதாவுக்கெனத் தனியான, நிறமுணரும் கூம்புக் கலம் பூனைக்கு இல்லை. நீலத்தை உணரும் கூம்புகளும், மங்கலொளியில் இயங்கும் கோல் கலங்களுமே புற ஊதாவால் தூண்டப்படக்கூடும் என்பதால், புதியதொரு நிறமாக அன்றிக் கூடுதல் ஒளிர்வாகவே அது தோன்றும் எனக் கருதுவது பொருத்தம்.

இத்தகைய பார்வையின் பயனைப் பனிநிலம் துலக்கிக் காட்டுகிறது. கனடாவின் கரிபூவும் நோர்வேயின் பனிமானும் ஒரே இனம். அவ்வினத்தின் கண் புற ஊதாவுக்கு இசைவதை ஜெஃப்ரி குழுவினர் 2011இல் காட்டினர். வெண்பனி புற ஊதாவைப் பெருமளவு திருப்பியனுப்ப, உணவாகும் பாசிக்காளானும் ஓநாயின் உரோமமும் அதை உறிஞ்சுவதால், அவை பனியின்மேல் கருமையாகத் துலங்கும்.

வீட்டை விட்டு வெளியேறாத பூனைக்கும் இவ்வொளி முற்றாக மறுக்கப்படுவதில்லை. சாதாரண யன்னல் கண்ணாடி, தோலைச் சுடும் குறுகிய புற ஊதாவைப் பெரும்பாலும் மறித்தாலும், 400 நானோமீட்டரை அண்டிய நீண்ட கதிர்களை விட்டுவிடும். வெப்பம் காக்கும் பூச்சிட்ட புதுவகைக் கண்ணாடிகள் அவற்றையும் குறைக்கின்றன.