எழுபதைக் கடந்தவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தாங்குமா?

“இந்த வயதில் கரண்ட் வைத்தால் உடம்பு தாங்குமா?” களம்பூர், ஆரணிப் பகுதி நெசவாளர் குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியோருக்காக இதற்கு இங்கே விடையளிக்கிறோம்.

காதின் முன்புறம், தாடையின் அடி, நாக்கின் கீழ் ஆகிய இடங்களில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. அங்கே தோன்றும் புற்றுநோய் அரிதானது. அறுவையே முதன்மைச் சிகிச்சை. புற்று நரம்பை ஒட்டிப் பரவியிருந்தாலோ, கழுத்து நிணநீர் முடிச்சுகளை எட்டியிருந்தாலோ, வேகமாக வளரும் வகையாக இருந்தாலோ கதிர்வீச்சும் பரிந்துரைக்கப்படுகிறது. அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பை அது குறைக்கிறது. நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் பரவுவதை அது தடுக்காது. ஆகவே தொடர் பரிசோதனை அவசியம்.

வயதை மட்டும் கொண்டு நாங்கள் இச்சிகிச்சையை மறுப்பதில்லை. நடமாட்டம், எடை, நினைவாற்றல், இதயம், சிறுநீரகம், வீட்டுத் துணை ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்கிறோம். உடல் திடமாக உள்ளவர்களுக்கு முழு அளவு தரலாம். தளர்ந்தவர்களுக்கு நாள்களைச் சுருக்குவதும், சிலருக்குக் கதிர்வீச்சைத் தவிர்ப்பதும் நல்லது.

வழக்கமாக வாரத்திற்கு 5 நாள் வீதம், 6 முதல் 6½ வாரங்களில், 60 முதல் 66 கிரே வரை தரப்படும். இது மின்சாரமன்று, கதிர் பாயும்போது வலிக்காது. நோயாளியிடமிருந்து கதிர் வெளிப்படாது என்பதால் பேரக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் மூன்றாம் வாரத்திலிருந்து வாய்ப்புண், வறட்சி, சுவையின்மை, தோல் கறுத்தல் ஆகியவை தோன்றும். அப்போது சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இடைவெளி விட்டால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகக்கூடும்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை:

• தொடங்குமுன் பல் மருத்துவரைக் காணுங்கள். பின்னாளில் பல் பிடுங்க நேர்ந்தால் முதலில் எங்களிடம் கூறுங்கள்.
• உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். காரம், புகையிலை வேண்டா.
• குழைந்த சோறு, கஞ்சி, முட்டை, தயிர் கொடுங்கள். வாரந்தோறும் எடை பாருங்கள்.
• வேலூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ நாள்தோறும் பயணம் செய்வது முதியவரைக் களைக்கச் செய்யும். தங்குமிடத்தையும், தறியை விட்டு யார் உடன் இருப்பது என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள்.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு இடமுண்டு, அட்டையுடன் வாருங்கள்.

முடிவெடுக்கும் நாளில் முதியவரையும் அருகில் அமர்த்துங்கள். ஆறு வாரம் வந்துபோக அவருக்கு விருப்பம் உண்டா, அவர் எதை அஞ்சுகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்க விரும்புகிறோம்.