விளிம்பில் வளையும் ஒளியும் விரவிப் போகும் துகளும்

கோயில் மதிலுக்கு வெளியே நிற்பவர் காதில் உள்ளே வாசிக்கும் நாகஸ்வரம் தடையின்றி விழுகிறது. வாசிக்கும் வித்வானை மட்டும் அவர் காண முடிவதில்லை. ஒலியும் ஒருவகை அலை, ஒளியும் ஒருவகை அலை என்று பௌதிக சாஸ்திரம் கூறுமானால், முன்னது மதிலைத் தாண்டி வருவானேன், பின்னது மதிலோடு நின்றுவிடுவானேன் என்ற கேள்வி எழுவது இயல்பே. எதிர்ச்சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாலும், மதிலின் உச்சி விளிம்பில் வளைந்து இப்புறம் இறங்கும் ஒலி எஞ்சி நிற்கத்தான் செய்கிறது. விடை அலைநீளத்தில் இருக்கிறது. நொடிக்கு 340 அதிர்வுகள் கொண்ட ஸ்வரம் காற்றில் செல்லும்போது ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர் தூரம் இருக்கும். பச்சை ஒளிக்கோ அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். தன் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க தடையையோ துவாரத்தையோ சந்திக்கும்போதுதான் அலை நன்கு புலப்படும்படி வளையும். ஆகவே மதிலை ஒலி எளிதில் சுற்றி வருகிறது. ஒளி வளைவதைக் காண வேண்டுமானால் மயிரிழை, ஊசிமுனை, துணியின் இழை போன்ற நுண்ணிய பொருள்களைத்தான் நாம் நாட வேண்டும்.

இந்த வளைவைத்தான் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் விளிம்பு விளைவு என்றும், இலங்கைப் பாடநூல்கள் கோணல் என்றும் குறிக்கின்றன. இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் மற்றொன்று விரவல். ஆங்கிலத்தில் முன்னது டிஃப்ராக்‌ஷன், பின்னது டிஃப்யூஷன். இரண்டும் ஒரே எழுத்துக்களில் தொடங்குவதால் மாணவர்கள் மட்டுமின்றி, மொழிபெயர்ப்பாளர்களும் தடுமாறியதுண்டு. லத்தீன் வேர்ச்சொற்களின்படி ஒன்று உடைத்துப் பிரித்தல், மற்றொன்று ஊற்றிப் பரப்புதல். பெயரில் இவ்வளவு நெருங்கியிருந்தும் சுபாவத்தில் இவை எதிரெதிரானவை என்பதே நான் இங்கு சொல்ல விரும்புவது. விளிம்பு விளைவு தான் கடந்து வந்த பாதையின் கணக்கை ஒன்றுவிடாமல் வைத்திருக்கும். விரவலோ அடிக்கு அடி அதை அழித்துக்கொண்டே போகும்.

முதலில் விளிம்பு விளைவை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் பொலோனா நகரத்தில் வாழ்ந்த பிரான்செஸ்கோ மரியா கிரிமால்டி என்ற பாதிரியார், இருட்டறை ஒன்றில் மிகச்சிறு துளை வழியே சூரிய கிரணத்தை உட்புகவிட்டு, அதன் பாதையில் மெல்லிய கோலைப் பிடித்துப் பார்த்தபோது, நேர்கோட்டுக் கணக்குப்படி விழ வேண்டிய நிழலைவிட உண்மையில் விழுந்த நிழல் அகன்றிருப்பதையும், அதன் ஓரங்களில் வர்ணப் பட்டைகள் படிந்திருப்பதையும் கண்டார். இவ்விளைவுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. 1663இல் அவர் காலமானார். கண்டவற்றை விவரிக்கும் நூல் 1665இல்தான் வெளிவந்தது.

அதற்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் ஹாப்கின்சன், ஒரு மாலையில் தம் பட்டுக் கைக்குட்டையைக் கண்ணருகே விரித்துப் பிடித்து, தொலைவிலிருந்த தெருவிளக்கை அதன் வழியே நோக்கினார். கைக்குட்டையின் இழைகள் பருத்த கம்பிகளாகத் தெரிந்தன. அதைக் காட்டிலும் வியப்பு என்னவென்றால், கைக்குட்டையை வலமும் இடமுமாக நகர்த்தியபோது அந்தக் கம்பிகள் நகரவேயில்லை. இதற்குக் காரணம் கேட்டு, வானசாஸ்திரியும் கடிகாரம் செய்வதில் நிபுணருமான டேவிட் ரிட்டன்ஹவுஸுக்கு 1785இல் கடிதம் எழுதினார். ரிட்டன்ஹவுஸ் கைக்குட்டையை நம்பியிருக்கவில்லை. நுண்ணிய மறைகள் வெட்டிய இரண்டு திருகுகளை இணையாக நிறுத்தி, அவற்றின் பள்ளங்களில் மயிரிழைகளை வரிசையாகப் பதித்து ஒரு கருவி செய்தார். அதன் வழியே ஒளிக்கீற்றைப் பார்த்தபோது நடுவில் ஒரு பிரகாசமான கோடும் இருபுறமும் சம இடைவெளியில் வர்ணக் கோடுகளும் தோன்றின. முப்பட்டகக் கண்ணாடியில் நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் திரும்பும். இங்கோ சிவப்புத்தான் அதிகம் திரும்பியது என்பதையும் அவர் குறித்துவைத்தார். அலைநீளம் கூடக் கூட வளைவும் கூடும் என்ற விதியின் நேர்ச் சாட்சியம் அது.

இதை வாசகர் இன்றிரவே பார்க்கலாம். விரித்த கறுப்புக் குடையின் துணி வழியே தொலைவில் தனியாக எரியும் ஒரு சிறு விளக்கை நோக்கினால், விளக்கு ஒன்றாகத் தெரியாமல் சிலுவை வடிவில் அணிவகுத்த புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் விளக்கை நோக்கிய உட்புறம் நீலமாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருக்கும். குடையை அதன் காம்பைப் பற்றிச் சுழற்றினால் சிலுவையும் கூடவே சுழலும். பக்கவாட்டில் நகர்த்தினால் நகராது. இழைகளுக்கிடையே 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொண்டால், 30 மீட்டர் தொலைவிலுள்ள விளக்கைச் சுற்றி அப்புள்ளிகள் சுமார் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்பதுபோலத் தோன்றும். நெசவு நெருங்க நெருங்கப் புள்ளிகள் ஒன்றையொன்று விட்டு விலகும். அதாவது புள்ளிகளின் இடைவெளியை அளந்தே, துணியைத் தொடாமல், அதன் இழைகள் எவ்வளவு நெருக்கமானவை என்று சொல்லிவிட முடியும். கணக்கை வைத்திருக்கிறது என்று மேலே சொன்னதன் பொருள் இதுவே.

மயிரிழைக் கருவி பிற்காலத்தில் கீற்றணி என்ற பெரும் சாதனமாக வளர்ந்தது. ரிட்டன்ஹவுஸின் வேலை மறக்கப்பட்டுவிட, ஜெர்மனியில் பிரவுன்ஹோபர் 1821 வாக்கில் கம்பிகளைக் கொண்டு அதைத் தாமாகவே மீண்டும் அமைத்து, ஒளியின் அலைநீளத்தை அளந்தார். பால்டிமோரில் ஹென்றி ரோலண்ட் 1882இல் அமைத்த இயந்திரமோ அங்குலத்துக்கு 14,438 கோடுகள் கிழிக்க வல்லதாயிற்று. அந்த இயந்திரத்தின் உயிர்நாடி பிழையற்ற ஒரு திருகாணி. நம் வீட்டில் கிடக்கும் பாட்டுக் குறுந்தகட்டில் சுருள்கோடுகள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், அதுவும் ஒரு கீற்றணிதான். சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறங்கள் புரள்வது அதனால்தான்.

பிரெஞ்சு அகாடமி 1818இல் இவ்விஷயம் குறித்து நடத்திய பரிசுப் போட்டியையும் விட்டுவிட மனமில்லை. ஒளி அலையே என்று வாதித்த பிரெனலின் கட்டுரையைப் பரிசீலித்த குழுவில் இருந்த புவாசோன் என்ற கணித மேதை, துகள் கட்சிக்காரர். பிரெனலின் சமன்பாடுகள் உண்மையானால் வட்டத் தகட்டின் நிழலின் மையத்தில், தகடே இல்லாததுபோலப் பிரகாசமான ஒரு புள்ளி தோன்ற வேண்டுமே, இதைவிட அபத்தம் உண்டோ என்று அவர் எதிர்வாதம் எழுப்பினார். குழுவிலிருந்த அராகோ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடொன்றை எடுத்துச் சோதித்தார். புள்ளி அங்கே இருந்தது. தகட்டின் விளிம்பெங்கும் வளைந்து வரும் அலைகள் மையத்தை அடையச் சம தூரம் கடப்பதால், முகடும் முகடும் சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. எதிரியின் பரிகாசமே சாட்சியாக மாறிய இத்தகைய நிகழ்ச்சிகள் விஞ்ஞான சரித்திரத்தில் அதிகமில்லை.

இந்தத் துறையில் தமிழகத்துக்கும் உரிய பங்குண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த சி. வி. ராமன், செவ்வகத் துவாரத்தின் மீது ஒளி சாய்வாக விழும்போது இருபுறத்துப் பட்டைகளும் சமச்சீராக அமைவதில்லை என்பதைக் கவனித்து எழுதிய கட்டுரை, அவருடைய பதினெட்டாம் வயதில், 1906இல், லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அவருடைய முதல் கட்டுரை அதுதான். நோபல் பரிசு பெற்றுத் தந்த 1928ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு வேறொரு விஷயமாகிய ஒளிச்சிதறலைச் சேர்ந்தது. விளிம்பு விளைவின் முழு வல்லமையைக் காட்டியது எக்ஸ் கதிர். அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு அளவினதாகையால், படிகத்தில் அடுக்கடுக்காக நிற்கும் அணுக்களே அதற்குக் கீற்றணி. மியூனிக் நகரில் 1912இல் லாவேயின் யோசனைப்படி பிரீட்ரிக்கும் நிப்பிங்கும் முதன்முதலில் எடுத்துக்கொண்ட படிகம் வேறெதுவுமன்று, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மயில்துத்தந்தான். படத்தகட்டில் விழுந்த புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைப் பின்னோக்கிக் கணிக்கும் கலையைப் பிராக் தந்தையும் மைந்தரும் வகுத்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல், கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் காட்டிக் கிடைத்த படத்தை ஆராய்ந்து, தோலுக்கும் எலும்புக்கும் ஆதாரமான கொலாஜன் என்னும் புரதம் மூன்று சங்கிலிகள் முறுக்கிய வடம் என்று நிலைநாட்டினர்.

இனி விரவல். அசையாத நீரில் ஒரு சொட்டு மையை மெதுவாக இட்டால், எவரும் கலக்காமலே அது பரவுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஓயாது அலைந்து மைத்துகளை எல்லாப் பக்கமும் இடிக்கின்றன. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்ட கிழவர் முன்னே தள்ளப்பட்டு, பின்னே இழுக்கப்பட்டு, எந்தத் தெருவால் வந்தோம் என்பதே மறந்து எங்கோ கரை சேர்வதுபோல, ஒவ்வொரு மோதலிலும் துகள் தன் முந்திய திசையை இழக்கிறது. மை முழுதும் கலந்த பின் அந்த நீரைப் பார்த்து, சொட்டு எங்கே விழுந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

வாயுக்களின் விரவலை 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் கிரகாம். ஹைட்ரஜன் பிராணவாயுவைவிடப் பதினாறு மடங்கு லேசானது. அது நான்கு மடங்கு வேகமாக விரவும், ஏனெனில் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். 1855இல் அடால்ப் பிக் என்ற இளம் உடலியல் அறிஞர், உஷ்ணம் உலோகத்தில் பரவும் விதியையே உப்பு நீரில் பரவுவதற்கும் பொருத்தி, விரவலுக்குச் சமன்பாடு தந்தார். அடர்ந்த இடத்திலிருந்து ஐதான இடத்துக்கு நகர வேண்டும் என்ற நோக்கம் எந்தத் துகளுக்கும் கிடையாது. அடர்ந்த பக்கத்தில் துகள்கள் அதிகமாகையால் அங்கிருந்து புறப்படுவனவும் அதிகம், அவ்வளவே.

இதிலிருந்து விசித்திரமான ஒரு முடிவு கிடைக்கிறது. தூரம் இரட்டித்தால் விரவுவதற்கான காலம் நான்கு மடங்காகிறது. தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்கு. சர்க்கரை, உப்பு போன்ற சிறு மூலக்கூறு அசைவற்ற நீரில் 1 மில்லிமீட்டர் செல்ல ஏறத்தாழ 8 நிமிஷம் பிடிக்கும். 1 சென்டிமீட்டர் செல்ல அரை நாளுக்கு மேல். 1 மீட்டர் செல்லப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். ஊதுவத்தியின் மணம் அறை முழுதும் பரவுவதை விரவலுக்கு உதாரணமாகப் பல புத்தகங்கள் கூறுகின்றன. எனக்கு அது உடன்பாடில்லை. காற்று சிறிதும் அசையாதிருந்தால் அந்த மணம் அறையின் மறுகோடியை எட்டச் சில நாட்கள் ஆகும். சில நொடிகளில் அதைச் சுமந்து வருவது காற்றோட்டமே. சுவாசகோசத்தில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த சவ்வே இருப்பதன் தாத்பரியமும் இதுவே: அந்தச் சிறு தூரத்தை விரவல் இமைப்பொழுதில் கடக்கும், கால்வரை பிராணவாயுவைக் கொண்டு செல்லவோ இதயம் உழைத்தாக வேண்டும்.

கெட்டிப் பொருளிலும் விரவல் உண்டு. கிரகாமின் உதவியாளராயிருந்த ராபர்ட்ஸ் ஆஸ்டின், உருகாத ஈயத்துக்குள்ளும் தங்கம் ஊடுருவிப் போகிறது என்று 1896இல் மெய்ப்பித்தார். கிரகாம் லண்டன் நாணயசாலையின் தலைவர். ரிட்டன்ஹவுஸ் பின்னாளில் அமெரிக்க நாணயசாலையின் முதல் தலைவர். மயிரிழையின் நிழலை அளந்த நியூட்டனும் அதே லண்டன் நாணயசாலைத் தலைவரே. இந்தப் பொருத்தத்துக்கு அர்த்தம் ஒன்றுமில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

ஒளியும் விரவுவதுண்டு. பாலிலும் மேகத்திலும் தேய்த்த கண்ணாடியிலும் புகுந்த கிரணம் எண்ணற்ற நுண்பொருள்களால் மீண்டும் மீண்டும் சிதறடிக்கப்பட்டு, மைத்துகளைப் போலவே திசையை மறக்கிறது. மேகமூட்டமான நாளில் நிழல் விழாததும், புகைப்பட நிலையத்தில் வெள்ளைக் குடையைத் தேடுவதும் இதனால்தான். சூரியனின் உட்கருவில் பிறந்த ஒளியின் சக்தி இப்படி அலைந்து அலைந்து வெளியேறப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன; வெளியேறிய பின் பூமியை அடைய எட்டே கால் நிமிஷம் போதும்.

இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது கணிப்பொறிச் சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலை. சிலிக்கன் தட்டின் மீது சுற்றின் வடிவத்தை ஒளியால்தான் பதிக்கிறார்கள். கோடுகள் மெலிய மெலிய ஒளி விளிம்புகளில் வளைந்து அவற்றை மங்கச் செய்வதால், 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிருக்கும், அதுவும் போதாமல் 13.5 நானோமீட்டர் கதிருக்கும் இறங்க நேர்ந்தது. போரானையும் பாஸ்பரஸையும் சிலிக்கனுக்குள் புகுத்தும் வேலையையோ, முற்காலத்தில், 1000 டிகிரியை ஒட்டிய உலையில் விரவலே செய்து கொடுத்தது. உறுப்புகள் சிறுத்த இந்நாளில் அந்த உதவி உபத்திரவமாகிவிட்டது. அணுக்களை அயனிக்கற்றையாக நேரே எய்து பதித்துவிட்டு, படிகத்தின் காயம் ஆறும்படி ஒருசில நொடிகளே சூடாக்கி, அவை வேண்டாத இடத்துக்கு விரவிப் போகுமுன் தட்டை உலையிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறார்கள்.