ஊதினா மஞ்சள்... விட்டா சிவப்பு!

"செடியே இல்லாத டியூப் ஏம்மா மஞ்சளாச்சு?"

நடுவர் சார் கேட்ட இந்த ஒரே கேள்வியில் எங்க டீம் மொத்தமும் காலி. குளத்தில் முழங்கால் ஆழம் இறங்கி ஹைட்ரில்லா பறிச்சு, ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூம் பக்கெட்டில் அதை வளர்த்து, வார்டன்கிட்ட திட்டு வாங்கி, சிம்போசியத்துக்குக் கொண்டுபோன புராஜெக்ட். ஆறுதல் பரிசுகூட கிடையாது. அந்தக் கேள்விக்கான பதில் பிடிபட நாலு நாளாச்சு. பிடிபட்டதும் பரிசு போன வருத்தமே போயிடுச்சு. (சரி, கொஞ்சூண்டு இருக்கு!)

மேட்டர் இதுதான். கார்பன் டை ஆக்சைடைக் கண்டுபிடிக்க நம்ம ஸ்கூல் லேப்ல என்ன செஞ்சோம்? சுண்ணாம்புத் தண்ணியில ஸ்ட்ரா போட்டு ஊதினோம். பால் மாதிரி வெளுத்தது. கைதட்டிட்டு வந்துட்டோம். ஆனா சுண்ணாம்புத் தண்ணிக்கு 'இருக்கு'னு மட்டும்தான் சொல்லத் தெரியும். இருந்த வாயு குறைஞ்சா? பேசாது.

குறைஞ்சாலும் பேசுகிற ஒரு திரவம் இருக்கு. பேர் ஹைட்ரஜன் கார்பனேட் இண்டிகேட்டர். இங்கிலாந்து பள்ளிகளின் பயாலஜி லேப்களில் ரொம்பப் பழக்கமான சரக்கு. வெளிக்காற்றோடு சமநிலையில் இருக்கும்போது சிவப்பு. கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். குறைந்தால் மஜந்தா, அப்புறம் ஊதா. ஒரே பாட்டிலில் ரெண்டு பக்கமும் ஓடுகிற மீட்டர்!

செய்முறை சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். 0.2 கிராம் தைமால் புளூ, 0.1 கிராம் கிரசால் ரெட், ரெண்டையும் 20 மில்லி எத்தனாலில் கரைக்கணும். 0.84 கிராம் சோடியம் பைகார்பனேட்டை (அம்மா ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடா உப்பு!) காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதோடு இதைச் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கணும். பயன்படுத்தும்போது பத்து மடங்கு நீர்க்கச் செய்யணும். கடைசியா, அக்வேரியம் பம்ப் வைத்துக் காற்றைக் குமிழ் குமிழாக விட்டு, நிறம் சிவப்பில் நிலைக்கும்வரை காத்திருக்கணும்.

அந்தக் கடைசி வரியில்தான் நாங்க வழுக்கி விழுந்தோம். அதுக்கு முன்னாடி உள்ளே நடக்கிற கெமிஸ்ட்ரி.

காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். அமிலம் வந்தால் பி.ஹெச். இறங்கும். சோடா உப்பு எதிர்ப்பக்கம் நின்று அதைத் தாங்கும். கிரசால் ரெட் பி.ஹெச். 7.2-லிருந்து 8.8-க்குள் மஞ்சளிலிருந்து சிவப்பாகும். தைமால் புளூ 8.0-லிருந்து 9.6-க்குள் மஞ்சளிலிருந்து நீலமாகும். ரெண்டும் ஒண்ணா இருந்தால் கீழே மஞ்சள், நடுவில் சிவப்பு, மேலே சிவப்பும் நீலமும் கலந்த ஊதா. யாரோ உட்கார்ந்து யோசிச்சு ஜோடி சேர்த்திருக்காங்க பாருங்க!

எங்க புராஜெக்டில் நாலு டியூப். எல்லாத்துலயும் இந்தத் திரவம். முதல் மூணில் ஹைட்ரில்லா. ஒண்ணு பளிச் வெளிச்சத்தில். செடி ஒளிச்சேர்க்கை செய்து வாயுவைத் தின்னும், ஊதாவாகணும். ரெண்டாவது அலுமினியத் தாள் சுற்றி இருட்டில். செடி சுவாசிக்க மட்டும் செய்யும், மஞ்சளாகணும். மூணாவது வலைத்துணி சுற்றி மங்கலான வெளிச்சத்தில். தின்பதும் விடுவதும் சரிக்குச் சரியாகிற அளவு வெளிச்சம் அமைந்தால் நிறம் மாறாது. (இதுதான் எனக்கு ஃபேவரிட். மாறாம இருக்கிறதும் ஒரு ரிசல்ட்!) நாலாவது சும்மா. செடி கிடையாது. சிவப்பாகவே இருக்கணும்.

அந்த நாலாவதுதான் காலை வாரியது. சொல்லப்போனால் நாலு டியூபும் ஆரம்பத்திலேயே ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நின்றன. 'கெமிக்கல் பழசு'ன்னான் ஒருத்தன். 'நீதான் எடை தப்பா போட்ட'ன்னா இன்னொருத்தி. நடுவர் சிரிச்சுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டார்.

நாலு நாள் கழித்து லேப் அண்ணன்தான் கேட்டார். "பம்ப்பை எங்க வெச்சுக் காத்து அடிச்சீங்க?"

"செமினார் ஹால்லதாண்ணே."

"ஏ.சி. ஓடுச்சா?"

ஓடியது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி. உள்ளே நூற்றைம்பது பேர்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். நீர்க்கச் செய்த திரவத்தில் சோடா உப்பின் அளவு மாறாது. அதனால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து மடங்கானால் பி.ஹெச். சரியாக ஒன்று இறங்கும். வெளிக்காற்றில் 420 பி.பி.எம்.முக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு பி.ஹெச். சுமார் 8.2, சிவப்பு. அதுவே 1,500 பி.பி.எம். ஆனால் சுமார் 7.65. மஞ்சளை எட்டிப் பார்க்கிற ஆரஞ்சு! கூட்டம் நிறைந்த மூடிய அறையில் 1,500 எல்லாம் சர்வ சாதாரணம். நாம வெளியே விடுகிற மூச்சில் கிட்டத்தட்ட 4 சதவீதம், அதாவது 40,000 பி.பி.எம். இருக்கே! திரவம் கெட்டுப்போகலை. எங்க நூற்றைம்பது பேர் மூச்சையும் நேர்மையா அளந்து காட்டியிருக்கு. நாங்கதான் படிக்கத் தெரியாம நின்னோம்.

முனிச் நகரில் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்கிற விஞ்ஞானி 1858-லேயே, அறைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 1,000 பி.பி.எம்.முக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போனால் காற்றோட்டம் போதலைன்னு அர்த்தம்னு சொல்லிட்டார். மதியம் ரெண்டு மணி கிளாஸ்ல சொக்குறதுக்கு நான் இதுவரை சாம்பார் சாதத்தை மட்டும்தான் திட்டிட்டிருந்தேன்.

இந்தக் கதையைத் தெருவில் இருக்கிற அக்காகிட்ட சொன்னேன். மயக்க மருந்துத் துறையில் பி.ஜி. படிக்கிறாங்க. சிரிப்பாங்கன்னு பார்த்தால் சிரிக்கலை.

"உனக்கு ஒரு பரிசு போச்சு. எங்களுக்கு அந்தக் கலர்லதான் ஆள் உயிரே இருக்கு."

மூச்சு நின்றவருக்குத் தொண்டை வழியாக டியூப் போடும்போது, அது மூச்சுக்குழாய்க்குப் போகலாம். பக்கத்திலேயே இருக்கிற உணவுக்குழாய்க்கும் போகலாம். தப்பான குழாய் என்றால் அடிக்கிற ஆக்சிஜன் எல்லாம் வயிற்றுக்கு. கண்டுபிடிக்கச் சில நிமிஷம்தான் டைம். அதுக்காக டியூபுக்கும் ஆம்பு பைக்கும் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா மாட்டுவாங்க. உள்ளே மெட்டாகிரசால் பர்ப்பிள் தடவிய காகிதம். எங்க கிரசால் ரெட்டுக்குச் சொந்தக்காரன்தான்! நுரையீரலிலிருந்து காற்று வந்தால் மஞ்சள், உள்ளே அடித்தால் மறுபடி ஊதா. ஒவ்வொரு மூச்சுக்கும் மாறி மாறி வரணும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போ அலை வரைந்து காட்டுகிற மானிட்டர் இருக்கு. அது இல்லாத இடத்தில் இந்தக் காகிதம்தான்.

"ஒரு தடவை மஞ்சள் ஆனதும் துள்ளிக் குதிக்கக் கூடாது" என்றார் அக்கா. ஆள் கொஞ்சம் முன்னாடி சோடா குடித்திருந்தால் வயிற்றிலிருந்து வருகிற வாயுவே ஒன்றிரண்டு முறை மஞ்சள் காட்டும். ஆறு மூச்சுவரை பார்க்கணும். வயிற்று அமிலம் காகிதத்தில் பட்டால் மஞ்சளிலேயே ஒட்டிக்கொள்ளும், ஊதாவுக்குத் திரும்பாது. இதயம் நின்றவருக்கு இன்னும் சிக்கல். ரத்தம் ஓடினால்தானே கார்பன் டை ஆக்சைடு நுரையீரலுக்கு வரும்? டியூப் சரியான இடத்தில் இருந்தும் காகிதம் ஊதாவாகவே நிற்கலாம்.

"அப்போ எதை நம்பி முடிவெடுப்பீங்க?"

"லாரிங்கோஸ்கோப் வெச்சு மறுபடி பார்ப்போம். ஸ்டெத் வெச்சுக் கேட்போம். காகிதத்துக்குத் தெரிஞ்சது அமிலமா இல்லையாங்கிறது மட்டும்தானே? அது எங்கேருந்து வந்துச்சுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

மறுநாள் காலை ஆறரைக்கு, லேப் அண்ணன்கிட்ட சாவி வாங்கி, பம்ப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். அதே பாட்டில், அதே திரவம். முப்பது நிமிஷம் குமிழ் விட்டதும் மஞ்சள் ஆரஞ்சாச்சு, ஆரஞ்சு சிவப்பாச்சு. நாலு டியூபிலும் ஊற்றி ரப்பர் அடைப்பான் போட்டு இறுக்கி வெயிலில் வைத்தோம். பத்தரை மணிக்கு முதல் டியூப் ஊதா. தாள் சுற்றியது மஞ்சள். வலைத்துணி போட்டது மட்டும் லேசா மஜந்தா, துணியை இன்னொரு சுற்று சுற்றணும்.

நாலாவது? சிவப்பு. அப்படியே அசையாம சிவப்பு!

யாராச்சும் அந்த நடுவர் சாரைப் பார்த்தால் சொல்லுங்க பாஸ்!