உளவு அமைப்புகளுக்கு ஒரு பொது நூலகம்

ஒக்கலிபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அநேகமாக எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். சொந்த ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் ‘கோ. முத்துசாமி’. இங்கே வாங்கிய ரேஷன் கார்டில் ‘முத்துஸ்வாமி’. பான் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்து ‘முத்துசாமி கோவிந்தன்’. மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. என் பெயரும் இப்படித்தான். “இது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டு ஓர் அலுவலகத்தில் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

இதே சங்கடம் நாட்டின் பாதுகாப்பைக் கவனிக்கும் உளவு அமைப்புகளுக்கும் உண்டு என்றால் வியப்பாக இருக்கும்.

காகிதமே முக்கால்பங்கு

உளவு என்றதும் சினிமாவில் வரும் ஒட்டுத்தாடியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அதில் பெரும்பகுதி காகித வேலை. வெளிநாட்டுப் பத்திரிகை, பயணிகள் பட்டியல், வங்கிக் கணக்கு, கைப்பற்றிய கடிதம் எல்லாவற்றையும் யாராவது படிக்க வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், பெயர், ஊர், தேதி வாரியாகக் குறித்து வைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் நூலகர் வேலை. ஒவ்வோர் அமைப்பும் தனி நூலகம் வைத்துக்கொண்டால் ஒரே தாளை இருவர் மொழிபெயர்ப்பார்கள். அதைவிட மோசம், செய்தியின் பாதி ஓர் அலமாரியிலும் மறுபாதி வேறோர் அலமாரியிலும் கிடக்கும்.

நூலகம் என்றதும் நம்மவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன், 1962-ல் நம் பெங்களூரில் ஆவணப் பணிக்கென்றே ஒரு பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-ல் இங்கேயே காலமானார். நூல் பூட்டி வைப்பதற்கல்ல, தேவைப்படுகிறவரிடம் அவர் நேரம் வீணாகாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம். உளவு அமைப்புகளோ பூட்டி வைப்பதையே பழக்கமாகக் கொண்டவை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கார்கில் கற்பித்த பாடம்

1968-ல் வெளிநாட்டு உளவுக்கென ‘ரா’ அமைப்பு, பழைய ஐ.பி.யிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. ராணுவத்துக்கும் தனி உளவுப் பிரிவுகள் இருந்தன. 1999 கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவர், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அமைப்புகள் தமக்குள் கலந்து தகவலை ஒன்றுசேர்த்துப் பார்க்க நிலையான ஏற்பாடு இல்லை என்று அக்குழு சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 2001-ல் ஐ.பி.யின் கீழ் ‘மல்ட்டி ஏஜென்சி சென்டர்’ தோன்றியது. பல அமைப்புகளும் தம் தகவலைக் கொண்டுவந்து கூட்டும் இடம் அது.

ஆனாலும் 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டது. அதற்கு முன் பலமுறை வந்து இடங்களை நோட்டம் பார்த்துச் சென்ற டேவிட் ஹெட்லி, 2006-ல்தான் தாவூத் கிலானி என்ற பெயரை மாற்றிக்கொண்டவர். அவருடைய விசா, விமானப் பயணம், ஹோட்டல் தங்கல் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் பதிவாகியிருந்தன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இதன் பிறகே, ப. சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது ‘நாட்கிரிட்’ திட்டம் உருவானது. முதல் கட்டத்தில் 10 மத்திய அமைப்புகள் கேட்பவை. தகவல் தருவோர் 21. 2022 மே 3-ல் அதன் வளாகம் பெங்களூரிலேயே திறக்கப்பட்டது.

இதன் யோசனை எளிது. புத்தகங்களை ஒரே கட்டடத்தில் குவிப்பதில்லை. அவை அந்தந்த அலமாரியிலேயே இருக்கும். எல்லா அலமாரிகளுக்கும் சேர்த்து ஒரே தேடல் வழி. வாரக்கணக்கில் கடிதம் எழுதிக் கேட்டதை உடனே பார்க்கலாம்.

நமக்கு இதில் என்ன?

தேடுவது இயந்திரம், அது பிடித்துக்கொள்வது பெயரை. இனிஷியல் வைத்து எழுதும் நம் பெயர்களில் அது இரு விதமாகத் தவறலாம். ஒரே ஆளை மூவராகக் காணலாம். வேறொரு முத்துசாமி செய்ததை நம் வீட்டு முத்துசாமியின் கணக்கிலும் எழுதலாம். கவுண்டரில் நடந்தால் ‘இது நான் அல்ல’ என்று வாதாடலாம். ரகசியக் கோப்பில் நடந்தால் நமக்குத் தெரியவே வராது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்றவற்றில் நாட்கிரிட்டுக்கு 2011 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கும் உண்டு.

இதற்கு ஒரு கடிவாளம் கிடைத்ததும் நம் ஊர்க்காரரால்தான். கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சவும் கூடாது.

நல்ல நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்று பேரேடு இருக்கும். பொதுத் தேடலுக்கும் அது வேண்டும்: எந்த அதிகாரி, யாருடைய பதிவை, எதற்காகப் பார்த்தார் என்று எழுதி, அந்தத் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் சரிபார்க்க வேண்டும். தகவலைப் பகிராததால் மும்பையில் உயிர்கள் போயின என்பது உண்மை. கணக்கில்லாமல் பகிர்ந்தால் குற்றமற்றவர் மாட்டிக்கொள்வார் என்பதும் உண்மை.

நம் கையில் இருப்பது சிறிய வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தாள்களை எடுத்துப் பரப்புங்கள். எல்லாவற்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்த மனுப் போடுங்கள். முக்கியமாகப் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில், இப்போதே.