தறியும் மனையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உடையையும் உறையுளையும் ஒரே கூரையின்கீழ் இணைத்து வாழ்வோர் நெசவாளர். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவிற்குப் பெயர்பெற்ற நகரம். இங்கு நெசவாளரின் வீடு உண்டு உறங்கும் இடம் மட்டும் அன்று, தொழிற்கூடமும் அதுவே. ஆதலின், வீடு கட்டுவதற்கு வகுக்கப்பட்ட விதிகள் அவர்தம் உறைவிடத்தோடு பிழைப்பையும் தொடுகின்றன.

தன் மனையில் தன் பொருள்கொண்டு வீடு கட்டுவோன் பிறர் ஒப்புதலைப் பெறுவது ஏன்? சுவர் ஒருவனுடையது, அது தடுக்கும் காற்றும் வெளிச்சமும் அண்டை வீட்டானுக்கும் உரியவை. ஒரு வீட்டில் பற்றிய தீ அவ்வீட்டோடு நிற்பதும் இல்லை. மரவீடுகள் நெருங்கி நின்ற இலண்டன் மாநகரம் 1666ஆம் ஆண்டில் பெருந்தீக்கு இரையாயிற்று. அடுத்த ஆண்டே, வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டுதல் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் 2004இல் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். 2014இல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுவந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். விதிகள் பல இத்தகைய துயரங்கள் கற்பித்த பாடங்களே ஆகும்.

சென்னை மாகாணத்தின் நகராட்சிகளில் வீடு கட்ட அனுமதி பெறும் முறையை 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வகுத்தது. இக்காலத்தில், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் வழிகாட்டுகின்றன. தெருவின் அகலம், கட்டடத்தின் உயரம், மனையைச் சுற்றி விடவேண்டிய வெற்றிடம் ஆகியவற்றை அவை வரையறுக்கின்றன. மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது.

இவ்விதிகள் நெசவாளரை எவ்வாறு தொடுகின்றன? குழித்தறியில் நெய்வோர், தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி மிதிகளை இயக்குவர். அத்தறியை மாடிக்கு ஏற்றுதல் இயலாது. அகலம் குறைந்த மனையில் பக்கவாட்டில் இடம் விட்டால் தரைத்தளம் சுருங்கும். இரண்டு தறிகள் இருந்த கூடத்தில் ஒன்றே நிற்கும். தறி குறையின் வருவாயும் குறையும். இவ்விடரைத் தணிக்கும் வழியும் விதிகளிலேயே உண்டு. வீடுகள் ஒட்டி நிற்கும் தெருக்களைத் தொடர் கட்டடப் பகுதி என அறிவித்தால், அங்குப் பக்கங்களில் இடம் விடாமல் கட்டலாம்.

எனினும் வெற்றிடம் வீண் இடம் அன்று. வெளிச்சம் புகாத கூடத்தில் பட்டு நூலின் நிறத்தைப் பிரித்தறிதல் அரிது. நெசவூர்களில் விடியற்காலையில் பாவை நீட்டித் திருத்துவது தெருவிலேயே. ஒவ்வொருவரும் தத்தம் படிக்கட்டைத் தெருவிற்குள் இறக்கிவிட்டால் பாவு நீட்ட இடம் ஏது?

விதி நன்றாயினும், அனுமதி பெறுவதில் தாமதம் நேரின் எளியோரே துன்புறுவர். நெய்த சேலைக்குக் கூலி பெறுவோர்க்கு, அலுவலகம் சென்று காத்திருக்கும் நாள் கூலியற்ற நாள். அனுமதியின்றிக் கட்டினாலோ, ஒப்புதல் பெற்ற வரைபடம் கேட்கும் வங்கியில் வீட்டுக்கடன் கிட்டாது. இக்குறையைப் போக்கத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுவோர், விதிப்படி கட்டுவதாகத் தாமே உறுதியளித்து, இணையத்தின் வழியாக உடனே அனுமதி பெறலாம்.

இதனால் காத்திருக்கும் காலம் குறைந்தது, பொறுப்போ கூடியது. முன்பு அதிகாரி அளந்து பார்த்ததை இப்போது கட்டுவோனின் மனச்சான்றே அளத்தல் வேண்டும். பாவும் ஊடையும் தத்தம் இடத்தில் நின்றாலன்றிச் சேலை உருவாகாது. அவ்வாறே, வாழ்வோரின் தொழிலை அறிந்த விதியும், அண்டை அயலாரை நினைந்து கட்டும் குடிமக்களும் கூடினாலன்றி நல்ல நகரம் உருவாகாது.