சமூக ஊடகங்களும் விளம்பர வருவாயும்

தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்கோடு, தக்காளிக்குப் பெயர்பெற்ற ஊராகும். முன்னாளில் சந்தை விலையை அறிய விரும்பிய உழவர் சந்தைக்கே செல்லுதல் வேண்டும். இந்நாளிலோ கைப்பேசியில் வினவினால் சிறிது நேரத்தில் விடை வந்துவிடுகின்றது. வெளியூரில் பணிபுரியும் மகனோடு தாய் முகம் பார்த்து உரையாடுகின்றாள். மாணவர் யூடியூப் வாயிலாகக் கணக்குப் பயில்கின்றனர். இணைய இணைப்புக்குக் கட்டணம் உண்டு. ஆயினும் இவ்வூடகங்களுக்கெனப் பெரும்பாலோர் தனியே பணம் செலுத்துவதில்லை. அங்ஙனமாயின், இவற்றை நடத்துதற்கு வேண்டிய பெரும்பொருள் எங்கிருந்து வருகின்றது?

அது பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தே வருகின்றது. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 13,490 கோடி டாலர் வருவாய் பெற்றது. அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்ததாகும். இவ்வாறு விளம்பரத்தையே நம்பி ஊடகங்கள் வாழ்தல் முறையோ என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் அதன் நன்மையைக் காண்போம். விளம்பரம் செலவை ஏற்பதனால், செல்வரும் வறியவரும் ஒரே ஊடகத்தை ஒப்பப் பயன்படுத்துகின்றனர். சிற்றூரில் கடை வைத்திருப்பவரும் சிறுதொகை செலவிட்டுத் தம் பொருளைப் பலர்க்கு அறிவிக்கலாம். செய்தித்தாள்கள் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் விளம்பர வருவாயின் துணையினாலேயாம்.

எனினும், காந்தியடிகள் தாம் நடத்திய ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ ஆகிய இதழ்களில் விளம்பரங்களை ஏற்கவில்லை. வாசகர் தரும் பொருளைக் கொண்டே இதழ் நடைபெறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பொருள் கொடுப்பவர் எவரோ, அவருக்கே நடத்துவோர் கடமைப்பட்டவராவர் என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது.

செய்தித்தாள் விளம்பரத்துக்கும் சமூக ஊடக விளம்பரத்துக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. தமுக்கடிப்பவர் தெருவிலுள்ள அனைவர்க்கும் ஒன்றையே உரைப்பார். தாளில் வரும் விளம்பரமும் தன்னைப் படிப்பவர் இன்னார் என்று அறியாது. சமூக ஊடகமோ, நாம் எதனை நோக்கினோம், எவ்வளவு நேரம் நோக்கினோம், எதனை விரும்பினோம் என்பனவற்றையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, அவரவர்க்கு ஏற்ற விளம்பரத்தைக் காட்டுகின்றது. நாம் நெடுநேரம் திரையை நோக்கினால் விளம்பரம் மிகும். விளம்பரம் மிகுந்தால் வருவாயும் மிகும். ஆதலின், நம்மை எழவிடாது இருத்திவைக்கும் செய்திகளையே அது முன்னே நிறுத்த முற்படுகின்றது. சினமூட்டும் பொய் விரைந்து பரவுதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. இம்மாடோ தானமாக வந்ததன்று. பணத்துக்கு மாறாக நம் காலத்தையும் கவனத்தையும் நம்மைப் பற்றிய செய்திகளையும் நாம் விலையாகத் தருகின்றோம்.

விளம்பரமின்றி ஊடகம் நடத்த முயன்றோரும் உளர். 2009-ஆம் ஆண்டில் வாட்ஸ்அப்பைத் தோற்றுவித்த ஜான் கூம், பிரையன் ஆக்டன் ஆகிய இருவரும் விளம்பரத்தை வெறுத்தவர்கள். ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணமே அவர்கள் வகுத்த வழி. 2014-ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனம் அதனை ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-இல் கட்டணம் நீங்கியது. 2025-இல் வாட்ஸ்அப்பின் ஒரு பகுதியில் விளம்பரம் இடம்பெறும் என்னும் அறிவிப்பு வந்தது. நிறுவனத்தை விட்டு நீங்கிய ஆக்டன், 2018-இல் சிக்னல் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் வழங்கினார். அவ்வறக்கட்டளையின் செயலி விளம்பரமின்றி நடைபெறுகின்றது. 2001-இல் தோன்றிய விக்கிப்பீடியாவும் மக்கள் தரும் நன்கொடையைக் கொண்டே இயங்கி வருகின்றது.

ஆயின், எல்லா ஊடகங்களும் கட்டணம் பெறுதலே தக்கதோ எனின், அதிலும் ஓர் இடர் உண்டு. 2023-இல் மெட்டா நிறுவனம் ஐரோப்பாவில், பணம் செலுத்துவோர்க்கு மட்டும் விளம்பரமில்லா முகநூலை வழங்கியது. இது நேர்மையான தெரிவு அன்று எனக் கூறி, ஐரோப்பிய ஆணையம் 2025-இல் 20 கோடி யூரோ தண்டம் விதித்தது. பணம் உடையவர்க்குக் காவலும், இல்லாதவர்க்குக் கண்காணிப்பும் என்றாதல் நீதியாகாதன்றோ? பாலக்கோட்டு உழவரின் தன்மறைவும் செல்வரின் தன்மறைவும் ஒப்ப மதிக்கத்தக்கனவே.

ஆதலின், விளம்பரத்தை அறவே விலக்குதல் வேண்டா. ஆளை வேவு பார்த்துச் செய்யும் விளம்பரத்தையே விலக்குதல் வேண்டும். உழவு பற்றிய காட்சியோடு விதை விளம்பரம் வருதலில் தீங்கில்லை. அதற்குப் பார்ப்பவரின் வாழ்க்கைக் குறிப்பு வேண்டுவதில்லை. இந்திய நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரைக் கண்காணித்தலையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலையும் தடுக்கின்றது. சிறுவர்க்கு வகுத்த இந்நெறி பெரியவர்க்கும் பொருந்துவதே.

சட்டம் ஒருபுறம் நிற்க, பயன்படுத்துவோர் கடமையும் ஒன்றுண்டு. திரையில் தோன்றும் ஒவ்வொன்றையும் நோக்கி, ‘இதனை எனக்குக் காட்டப் பொருள் கொடுத்தவர் யார்?’ என வினவிப் பழகுதல் நன்று. அவ்வினாவை மறவாதவரை எளிதில் எவரும் ஏமாற்ற இயலாது.