மூங்கில் வாளும் வாய்க்குள் பட்டும்

இயக்க வேலைகளில் கொஞ்ச காலமாவது இருந்தவர்களுக்கு 'அவன் குடும்பஸ்தன் ஆயிட்டான்பா' என்ற வாக்கியம் பழக்கமானதுதான். ஒருவரைக் கூட்டத்திலிருந்து கழித்துவிட அது போதும். அந்த ஆள் எங்கே போனான், என்ன வேலை செய்கிறான், வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. இந்தக் கழித்தலைச் செய்தவர்களில் நானும் ஒருவன். செவிலிமேட்டில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில், தறி ஓடாத ஓர் அமாவாசையன்று, அடுத்தடுத்து இரண்டு படங்களைப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியம் தொண்டையில் சிக்கியது. ஒன்று யோஜி யமதாவின் 'தசோகரே செய்பெய்' (2002). மற்றது பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் பெற்ற படம்.

சாமுராய் என்றதும் நமக்குக் குரோசவா ஞாபகம் வரும். மழை, குதிரை, வாள்வீச்சு. யமதா அந்த வழியில் வந்தவர் அல்ல. 'தோரா சான்' என்ற ஊர்சுற்றி வியாபாரியை வைத்து 1969இலிருந்து கால் நூற்றாண்டுக்குமேல் வரிசையாகப் படமெடுத்த, சாமானியர்களின் இயக்குநர். எழுபது வயதை ஒட்டித்தான் அவர் முதல் சாமுராய் படத்துக்கு வருகிறார். கதை, ஷூஹெய் புஜிசாவாவின் சிறுகதைகளிலிருந்து எடுத்தது. நாயகன் இகுச்சி செய்பெய் (ஹிரோயுகி சனாதா) ஒரு பிரபுவின் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறவன். உப்புக்கண்டம், உலர்ந்த மீன் என்று சரக்கு எண்ணுவதுதான் அவனது போர்க்களம். அவன் சம்பளம் வருஷத்துக்கு 50 கொகு அரிசி. ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி ஒரு கொகு என்பது பழைய கணக்கு. அதிலேயும் மனைவியின் காசநோய்க்கும் சாவுக்கும் வாங்கிய கடன் போக மிச்சம்தான் கைக்கு வரும். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், மகனையே யாரென்று கேட்கும் தாய். வேலை முடிந்ததும் மற்றவர்கள் குடிக்கப் போக, இவன் அந்தி சாயும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். அதனால் 'அந்தி' செய்பெய் என்று கேலிப்பெயர். நம் 'குடும்பஸ்தன்' போலத்தான்.

இரவில் அவன் வீட்டில் பூச்சிக்கூண்டு செய்கிறான். மூங்கில் ஈர்க்கைச் சீவி, வளைத்து, எண்ணிக்கைக் கணக்கில் கூலிக்குக் கொடுப்பது. அந்தக் காட்சி வந்ததும் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், 'இன்னா தம்பி, இவனும் நம்மள மாதிரி கூலிக்குத்தான் பண்றானா?' என்று கேட்டார். அதுவரை 'ஜப்பான்காரன் படம்' என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர் அவர். வர்க்க ஆய்வு என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் அந்தக் கேள்விக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்திருப்போம் என்று தெரியவில்லை. சாமுராய் என்பது பட்டம், பிழைப்பு கைவேலையில். பிறப்பால் வந்த பெருமையும் கையால் வரும் கூலியும் ஒரே உடலுக்குள் இருப்பதுதான் இந்தப் படத்தின் முரண்.

கிளைக்குள் அதிகாரச் சண்டை வருகிறது. தோற்ற அணியைச் சேர்ந்த யோகோ என்பவன், வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி வந்த ஆணையை மறுத்து, வீட்டுக்குள் கதவடைத்துக்கொள்கிறான். அவனைக் கொல்லும் வேலை செய்பெய்க்கு வருகிறது. அவன் தயங்குகிறான், அவகாசம் கேட்கிறான், கடைசியில் பணிகிறான். அங்கே போனால் கொலைக்களம் இல்லை; இருட்டறையில் குடித்துக்கொண்டிருக்கும் இன்னொரு தகப்பன். அவனும் மனைவியை இழந்தவன், மகளை நோய்க்குக் கொடுத்தவன். மகளின் எலும்பை எடுத்து வாயில் போட்டு மெல்லுகிறான். இருவரும் பேசிப் பேசி ஒருவரையொருவர் கண்டுகொள்கிற நேரத்தில், மனைவியின் ஈமச் செலவுக்காகத் தன் நீள்வாளை விற்றுவிட்டதாகவும், உறையில் இருப்பது மூங்கில்தான் என்றும் செய்பெய் சொல்லிவிடுகிறான். யோகோவுக்கு அப்போதுதான் ஆத்திரம் வருகிறது. என்னைக் கொல்ல மூங்கிலோடா வந்தாய்? தப்பி ஓடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, சாமுராய் என்ற கருத்தியல் அந்தக் கணத்தில் திரும்ப வந்து ஏறிக்கொள்கிறது. தன்னைச் சாகச் சொன்ன அதே அமைப்பின் கௌரவத்துக்காகச் சண்டை போடுகிறான். ஓங்கிய நீள்வாள் வீட்டின் மரச்சட்டத்தில் சிக்கிக்கொள்ள, செய்பெயின் குறுவாள் வேலையை முடிக்கிறது. ஒரே சம்பளப் பட்டியலில் இருந்த இரண்டு குடும்பஸ்தர்களில் ஒருவனை வைத்து இன்னொருவனைத் தீர்த்த அதிகாரம் அந்த அறைக்குள் வரவேயில்லை.

'காஞ்சிவரம்' இதன் மறுபக்கம். வேங்கடம் என்ற நெசவாளி, பெண் குழந்தை பிறந்ததும் அதன் காதில் வாக்குக் கொடுக்கிறான்: உன் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி அனுப்புவேன் என்று. ஊரே திடுக்கிடுகிறது. பட்டு நெய்கிறவன் வீட்டுப் பெண் பட்டுக் கட்டியதில்லை. சேர்த்த பணம் தங்கை வீட்டுக்குப் போய்விட, அவன் பட்டறையிலிருந்து தினமும் கொஞ்சம் பட்டிழையை வாய்க்குள் ஒளித்து எடுத்துவந்து, இரவில் ரகசியத் தறியில் நெய்கிறான். இந்த வாய் முக்கியம். பகலில் சங்கத்துக்காகப் பேசும் வாயும் அதுதான். உள்ளே பட்டு இருக்கும்போது பேச முடியாது.

இந்த இடத்தில் பெரியவர் சிரித்தார். 'இது சினிமா, தம்பி. எடை போட்டுத்தான பட்டு குடுப்பாங்க, சேலையா திரும்பி வரும்போதும் எடைதான். கொறஞ்சா அன்னிக்கே கேள்வி வந்துடும்.' கச்சாப் பட்டும் ஜரிகையும் எடைக் கணக்கில் கைமாறுவதுதான் இந்தத் தொழிலின் கண்காணிப்பு. வாசலில் உடம்பைத் தடவிப் பார்க்கும் காவலாளி படத்துக்குத் தேவைப்படுகிறான்; தொழிலுக்குத் தராசு போதும். யதார்த்தப் பிசகு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இயக்குநர் தேடியது ஓர் உருவகத்தை; அது கிடைத்திருக்கிறது.

என் பிரச்சினை வேறு. வேங்கடம் சங்கத்தின் தலைவனாகிறான், வேலைநிறுத்தம் நடக்கிறது. மகளின் கல்யாணம் நெருங்குகிறது. பட்டறை மூடிக்கிடந்தால் இழை திருட முடியாது. ஆகவே நிறுத்தத்தை முடித்துவைக்கத் தலைவனே முன்வருகிறான். நம் வாசகர்கள் பலர் இதைத் துரோகம் என்று வாசிப்பார்கள். எனக்கு அந்த வாசிப்பு அவசரமாகப் படுகிறது. சங்கம் கூலியைப் பற்றிப் பேசியது. நெய்தவனுக்கு நெய்த பொருள்மேல் இருந்த ஆசையைப் பற்றிப் பேச அதற்கு மொழி இருக்கவில்லை. அந்த ஆசை வேறு வழியில்லாமல் திருட்டாகவும், வீட்டு ரகசியமாகவும், தகப்பன் பாசமாகவும் வெளிவருகிறது. அகப்பட்டு, அடிபட்டு, சிறைக்குப் போகிறான். 1948இல் சில நாள் விடுப்பில் வரும்போது மகள் கிணற்றில் விழுந்து அசைவற்றுக் கிடக்கிறாள். அவளுக்கு விஷம் கொடுத்து, தறியிலிருந்து அறுத்த அரைகுறைச் சேலையைப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது.

ஒன்று கவனியுங்கள். அந்தச் சேலையை மகள் கேட்கவேயில்லை. தொட்டில் பருவத்தில் அவள் காதில் போடப்பட்ட வாக்கு அது. பட்டுக் கட்டினால்தான் மணப்பெண் என்ற மேல்சாதி, மேல்வர்க்க இலக்கணத்தைத் தகப்பன் தன் வேட்கையாக ஏற்றுக்கொண்டு, அதற்கான விலையை மகள் உடலில் வசூலிக்கிறான். செய்பெயின் மகள் ஒரு கேள்வி கேட்கிறாள்: தையல் படித்தால் துணி தைக்கலாம், கன்பூசியஸ் படித்து என்ன ஆகப்போகிறது? யோசிக்கிற சக்தி வரும், காலம் எப்படி மாறினாலும் சமாளிக்கலாம் என்கிற மாதிரி அவன் பதில் சொல்கிறான். கூண்டு முடைந்துகொண்டே சொல்கிறான் என்பதுதான் எனக்குப் பிடித்தது. படத்தின் கதைசொல்லியும் இளைய மகள் இத்தோதான். கிழவியான பிறகு தகப்பனின் கல்லறைக்கு வந்து சொல்கிறாள். (அந்த ஒலிக்கு ஜப்பானியத்தில் நூலிழை என்றும் ஒரு பொருள் உண்டு.) தாமரைக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவள் கதையைத் தகப்பன்தான் நினைத்துப் பார்க்கிறான்.

இங்கே காஞ்சிபுரத்தின் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையில் ஓடிக் கோர்க்கப்படுகின்றன. நெசவாளி ஒருவரால் எல்லா நாடாவையும் தள்ள முடியாது. கரைப்பக்கம் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல காலம் குழந்தையின் கையாக இருந்தது. முன்பணத்துக்கு ஈடாகத் தறிமேடையில் உட்கார்த்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. 'காஞ்சிவரம்' தகப்பனின் பாசத்தைக் காட்டுவதற்காகத் தறியில் அவனை ஒற்றையாளாக உட்கார வைக்கிறது. எனக்கு அந்தப் பக்கத்துக் காலி இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியவரே, எட்டு வயதில் நாடா தள்ள உட்கார்ந்ததாகத்தான் சொன்னார். சொல்லும்போது வருத்தம் எதுவும் காட்டவில்லை.

இரண்டு படங்களிலும் பெண்களின் உழைப்பு ஓரமாகவே கிடக்கிறது. தொமொயே குடிகார முதல் கணவனை விட்டு வந்தவள். செய்பெய் வீட்டைத் துடைத்து, கிழவிக்குச் சோறு கொடுத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சண்டைக்குப் புறப்படும் அவனுக்குத் தலைவாரி விடுகிறவளும் அவள்தான். இருவரும் சேர்ந்து வாழ்ந்தது மூன்று வருஷம்கூட இல்லை. போஷின் போரில் (1868-69) துப்பாக்கிக் குண்டு பட்டு அவன் சாகிறான். அதற்குப் பிறகு அவள் வேலை செய்து இரண்டு பெண்களை வளர்த்ததை, மகளின் குரல் ஓரிரு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறது. என்ன வேலை, என்ன கூலி? யமதா காட்டவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டம்மா நடுவில் எழுந்து தார் சுற்றப் போய்விட்டார். மறுநாள் தறிக்கு வேண்டும்.

கதை நடக்கும் உனசாகா கற்பனைப் பிரதேசம். அதன் மூலம் புஜிசாவா பிறந்த ஷோனாய் பகுதி, இன்றைய த்சுருஒக்கா வட்டாரம். போரில் தோற்ற பிறகு, 1872இல், ஷோனாயின் சாமுராய்கள் சுமார் 3000 பேர் வாளை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்து, மத்சுகஒக்கா என்ற இடத்தில் காடு திருத்தி முசுக்கட்டைச் செடி நட்டார்கள். பட்டுப்புழு வளர்க்கப் பெரிய மரக்கட்டிடங்கள் எழுப்பினார்கள். அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. செய்பெய் பிழைத்திருந்தால் அங்கேதான் போயிருப்பான். இதைச் சொன்னபோது பெரியவர் கேட்டார்: 'அப்போ அவன் பொண்ணு பட்டு கட்டியிருக்குமா?'